அழுதால் சிமிட்டும் விளக்கு

எங்கள் வீட்டில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. நாங்கள் மாடியில் இருக்கிறோம், அவர்கள் கீழே. ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குவது அவளுக்கு வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் அழுத்துவாள். "ஒரு நாளைக்கு நான் எவ்வளவு தூரம் போறேன் தெரியுமா? ஆனா எங்க போனாலும் ஏழாவது மாடியைத் தாண்ட முடியல" என்று தானே சொல்லித் தானே சிரிப்பாள்.

நாற்பத்தோரு வயது வரை அவளுக்கும் மின்னணுவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எல்லாம் லிஃப்ட் கதவால் வந்தது.

அந்தக் கதவு திறந்தால் ஐந்து விநாடி நிற்கும், பிறகு தானாக மூடும். ஒரு திங்கட்கிழமை அது இரண்டே விநாடியில் மூட ஆரம்பித்தது. ஐந்தாவது மாடிக் குமாஸ்தா கோப்புக் கட்டோடு உள்ளே வருவதற்குள் கதவு அவரை நடுவில் பிடித்துக்கொண்டது. காகிதம் எல்லாம் தரையில். மெக்கானிக் வந்து மேல்தளப் பெட்டியைத் திறந்து பச்சைப் பலகை ஒன்றைக் கழற்றினார். அதில் கட்டைவிரல் அளவில் உருளையாக ஒன்று, தலை வீங்கி நின்றது.

"இது கெப்பாசிட்டர்க்கா. சின்னத் தண்ணித் தொட்டின்னு வச்சுக்குங்க. மெதுவா நெறையும். நெறைஞ்சதும் கதவை மூடச் சொல்லும். இப்ப இது ஊதிப்போய் தொட்டி பாதியாச்சு. அதான் சீக்கிரம் நெறைஞ்சிடுது."

அவர் புதிய பலகையை மாட்டிவிட்டு, பழையதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா அதை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று மாலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இத்தனை வருஷமா அந்தக் கதவு என் பேச்சைக் கேக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன். இந்தத் தொட்டி பேச்சைத்தான் கேட்டிருக்கு, பாரேன்" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம், நிறைய ஆர்வம்.

மறு வாரம் உதிரிப்பாகக் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"பையன் ஸ்கூல் ப்ராஜெக்டா? லிஸ்ட் குடுங்க."

"பையனுக்கு இல்ல. எனக்கு."

அப்போது நிமிர்ந்தார். "உங்களுக்கு என்ன வேணும்?"

"விளக்கு மாத்தி மாத்தி எரியணும். ரெண்டு டிரான்சிஸ்டர், ரெண்டு கெப்பாசிட்டர், நாலு ரெசிஸ்டர், ஒரு செவப்பு எல்.இ.டி., ஒரு பச்சை." மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்பேசியில் பார்த்துப் படித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில், "மல்டிவைப்ரேட்டர்" என்றார். "அதேதான்" என்றாள் அக்கா, பல நாள் பழகிய சொல்போல. வெளியே வந்ததும் என் கையைக் கிள்ளி, "அந்தப் பேரு வாயில வராதோன்னு பயந்துட்டே இருந்தேன்டி" என்றாள்.

சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை அவளுடையதாயிற்று. துளை துளையான வெள்ளைப் பலகையில் கால்களைச் செருகி, கம்பிகளை வளைத்து, பாட்டரியை மாட்டினாள். சிவப்பும் எரிந்தது, பச்சையும் எரிந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்தே எரிந்தன, சிமிட்டவே இல்லை. மூன்று நாள் அப்படியே. அவள் கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், வாய் சும்மா இருக்காது. "ரெண்டு விளக்கு எரியுது, அப்புறம் என்ன? நம்ம வீட்டு ட்யூப்லைட் கூட சிமிட்டுது, அதைப் பாத்துக்கோ" என்றார்.

நான்காம் நாள் காலை. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு கூச்சல். பல்லி விழுந்துவிட்டதோ, பாத்திரம் கொட்டிவிட்டதோ என்று ஓடினேன். அக்கா ஒரு கையில் தோசைக்கரண்டியோடும் மறு கையில் அந்தப் பலகையோடும் படியேறி வந்துகொண்டிருந்தாள். சிவப்பு, பச்சை. சிவப்பு, பச்சை.

"ஒரு காலு பக்கத்துத் துளையில போயிருந்துது! ஒரே ஒரு துளை தள்ளி!" என்றாள். மூச்சு வாங்கியது. "இங்க பாரு. ஒருத்தன் முழிச்சா இன்னொருத்தன் தூங்கணும். அந்தத் தொட்டி நெறைஞ்சதும் தூங்கினவன் எழுந்து, இவனைத் தூங்க வச்சிடுவான். யாரும் சொல்லித் தர வேண்டாம். அவங்களே முறை போட்டுப் பாத்துக்குறாங்க."

"நல்ல புருஷன் பொண்டாட்டி" என்றேன்.

"நம்ம வீட்ல மட்டும் ஒருத்தரே தூங்குறாரு" என்று கீழே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். கீழேயிருந்து, "கேக்குது, கேக்குது" என்று பதில் வந்தது.

அதன்பின் வீட்டில் சிமிட்டாத பொருள் குறைவு. செருப்பு அலமாரி சிமிட்டியது. சாவி மாட்டும் ஆணி சிமிட்டியது. எட்டுக் கால் கொண்ட டைமர் ஐசி ஒன்றை வாங்கி வந்தாள், கருப்பாக, பூரான் குஞ்சு மாதிரி. அதை வைத்து முட்டை வேகும் நேரத்துக்கு ஒன்று செய்தாள். கணவர் குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டு அரைமணி நேரம் உட்காருவார், அதற்கும் ஒன்று செய்தாள். பன்னிரண்டு நிமிடம் ஆனதும் கீச்சென்று கத்தும். அவர் அதன்மேல் ஈரத்துண்டைப் போட்டு மூடிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார்.

இதெல்லாம் விளையாட்டு. அவள் நெஞ்சில் இருந்தது வேறு, அது அவள் தங்கை.

அக்காவுக்கு ஒரே தங்கை. பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் இருவரும் தங்களுக்குள் கைகளால் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். பிறகு பள்ளியில் தங்கை சைகை மொழி கற்றுவந்து அக்காவுக்கும் கற்றுக்கொடுத்தாள். இப்போது அவர்கள் பேசுவதைப் பார்த்தால் நான்கு கைகள் சண்டை போடுவதுபோல் இருக்கும். தங்கை வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். நாக்கில் இல்லாத நக்கல் முழுவதும் விரலில் இருக்கும். அவள் கணவர் மேசை நாற்காலி செய்யும் தச்சர், அவருக்கும் காது கேட்காது. அமைதியான மனிதர். இரண்டு தெரு தள்ளி வீடு. முன்பெல்லாம் அவர்களைப் பார்க்கப் போனால் செல்பேசியில் செய்தி அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே காத்திருக்க வேண்டும். அக்கா அங்கே ஓர் அழைப்புப் பொத்தான் வைத்தாள். அழுத்தினால் உள்ளே பல்பு பத்து விநாடி சிமிட்டும். தங்கை முதல் நாளே பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், சும்மாவாவது வந்து அழுத்திவிட்டுப் போங்கள் என்று சைகை செய்துவிட்டு வந்தாள்.

அந்த வீட்டில்தான், கல்யாணமாகி ஆறாவது வருடம், ஒரு பெண் குழந்தை பிறந்தது.

எங்கள் எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஆனால் பதினைந்தாம் நாள் அக்கா தங்கையின் அம்மா ஊரிலிருந்து வந்து, முன்னறையில் உட்கார்ந்து, தீர்மானமாகச் சொன்னார்: "மூணு வயசு வரைக்கும் புள்ள எங்கிட்ட இருக்கட்டும். இங்க அது தொண்டை கிழிய அழுதாலும் யாருக்குக் கேக்கும்? நான் குத்தமா சொல்லல. உள்ளதைச் சொல்றேன்."

அக்கா அதைக் கையால் சொல்லவேயில்லை. ஆனால் தங்கை அம்மாவின் உதட்டைப் படித்துவிட்டாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் பேசினாள். அக்கா அதை வாயால் சொன்னாள்.

"என் புள்ளைய நான்தான் வளப்பேன்னு சொல்றா. கண்ணை எடுக்காம பாத்துக்குவாளாம்."

"எத்தனை நேரம் கண்ணை எடுக்காம இருப்பா? சோறு ஆக்க வேண்டாமா? துணி துவைக்க வேண்டாமா?"

தங்கை அந்தப் பதினைந்து நாளும் தொட்டிலை விட்டு நகரவில்லை என்பது அவள் கண்களைப் பார்த்தாலே தெரிந்தது. தச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு மாசம் குடு" என்றாள் அக்கா. "குழந்தை அழுதா விளக்கு சிமிட்டுற மாதிரி நான் செஞ்சு தரேன்."

"நீ லிஃப்ட்டு ஓட்டுறவடி."

"ஆமா. அதனாலதான் சொல்றேன்."

அம்மா நம்பவில்லை, ஆனாலும் ஒரு மாதம் கொடுத்தார். அந்த ஒரு மாதமும் அங்கேயே தங்கி, குழந்தை அழும்போதெல்லாம் மகளைத் தொட்டுக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

அக்கா வேலையில் இறங்கினாள். லிஃப்ட்டில் மாடி ஏறி இறங்கும்போது சின்ன நோட்டில் படம் போடுவாள். யாராவது "நாலு" என்றால் நிமிராமலேயே நாலை அழுத்துவாள். யோசனை இதுதான்: தொட்டிலருகே ஒரு சின்ன மைக். அழுகை கேட்டால் அது டைமரைத் தட்டிவிடும். டைமர் பத்து விநாடிக்கு அந்தச் சிவப்பு-பச்சைப் பலகையின் இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் மின்சாரம் கொடுக்கும். அவை முறை போட்டு, ரிலே என்ற சின்ன சுவிட்ச் ஒன்றைப் போட்டு எடுக்கும். ரிலே பெரிய பல்பைச் சிமிட்ட வைக்கும். பத்து விநாடிக்குப் பிறகும் குழந்தை அழுதால் மறுபடியும் முதலிலிருந்து.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துச் சோதனை செய்தாள். குழந்தை அழுவதுபோல் அழ வேண்டியது அவள் கணவர். மனிதர் அப்படியொரு அழுகை அழுதார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, "என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். விளக்கு அழகாகச் சிமிட்டியது. நாங்கள் கைதட்டினோம். அந்தக் கைதட்டலுக்கும் சிமிட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டிலிருந்து நாலு பேரும் போய்த் தங்கை வீட்டில் மாட்டினோம். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, தொட்டிலுக்குப் பக்கத்தில், சமையலறையிலிருந்து தெரியும் சுவரில் ஆணியடித்து. குழந்தை சொல்லி வைத்தாற்போல் வீறிட்டது. விளக்கு சிமிட்டியது. தங்கை ஓடிவந்து தூக்கினாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள்.

குழந்தை பால் குடித்துத் தூங்கிற்று. விளக்கு தூங்கவில்லை. பத்து விநாடி சிமிட்டும், நிற்கும், உடனே மறுபடி சிமிட்டும். தங்கை சமையலறையிலிருந்து ஓடிவருவாள், குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். திரும்பிப் போவாள், விளக்கு சிமிட்டும். நான்கு தடவை ஓடிவந்த பிறகு இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"புள்ள தூங்குது. உன் விளக்குதான் அழுவுது" என்றார் அம்மா.

அக்காவின் முகம் வாடிவிட்டது. மைக்கின் கூர்மையைக் குறைத்தாள். குறைத்தால் குழந்தையின் அழுகையும் அதற்குக் கேட்கவில்லை. கூட்டினால் ஓயாமல் சிமிட்டியது. கம்பிகளை மாற்றினாள், ஐசியை மாற்றினாள். நாங்கள் அறையில் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்து பார்த்தோம். அப்படியும் அது சிமிட்டியது. "எதையோ கேக்குது. என்னத்தைக் கேக்குதுன்னு எனக்குக் கேக்கலியே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த தச்சர் எழுந்து வந்து பெட்டியின் மேல் விரல்நுனிகளை வைத்தார், மரத்தின் இழைப்பைத் தடவிப் பார்ப்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சுற்று சிமிட்டி முடிந்தது. அடுத்த சுற்று ஆரம்பித்தது. இன்னொரு சுற்று. பிறகு கண்ணைத் திறந்து, அக்காவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, மறு கையால் பேசினார். அக்கா சொல்லச் சொல்ல அவள் குரலே மாறியது.

"உள்ள யாரோ தட்டுறாங்கன்னு சொல்றாரு... ஒவ்வொரு சிமிட்டுக்கும் ஒரு தட்டு... கடைசித் தட்டு தட்டி முடிச்சதும் மறுபடி ஆரம்பிக்குதாம்."

அவள் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ரிலே! ரிலேயோட டக்கு சத்தம்! நின்னுபோறப்ப அது கடைசியா ஒரு டக்கு போடுதே, மைக் அதைக் கேட்டு குழந்தை அழுவுதுன்னு நெனச்சுக்குது!"

அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. விளக்கு என்றால் டக்டக் என்று சத்தம் வரும் என்று நாங்கள் அதைச் சட்டை செய்யவே இல்லை. காது கேட்கும் ஐந்து பேர் இருந்த அறையில் அதைக் கண்டுபிடித்தது அவர் ஒருவர்தான். தங்கை தன் கணவரைச் சுட்டிக் காட்டி, அம்மாவைப் பார்த்து, காதில் விரல் வைத்து ஏதோ சொன்னாள். அக்கா அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். ஆனால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், கொஞ்சம் சிரித்தார்.

மறுநாளே தச்சர் பட்டறையிலிருந்து இரண்டு தேக்குப் பெட்டிகள் செய்து வந்தார். ஒன்று தீப்பெட்டி அளவு, முன்பக்கம் பொடித் துளைகள் போட்டது. அதில் மைக் மட்டும். அது தொட்டில் அருகே. மற்றதில் டைமரும் ரிலேயும். உள்ளே நான்கு பக்கமும் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார். அது அடுத்த அறைச் சுவருக்குப் போயிற்று. நடுவே கம்பி, சுவரோரமாக மெல்லிய மரச்சட்டத்துக்குள் மறைந்து ஓடியது. சமையலறையில் ஒரு பல்பு, முன்னறையில் ஒன்று, துணி காயப்போடும் பால்கனியில் ஒன்று. தங்கையின் தலையணைக்கு அடியில் வைக்க, பழைய செல்பேசியிலிருந்து எடுத்த அதிரும் மோட்டார் ஒன்று.

குழந்தை அழுதது. மூன்று பல்பும் சிமிட்டின. குழந்தை நிறுத்தியது. பல்புகளும் நின்றன. நின்றன என்றால் நின்றேவிட்டன. அக்கா ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரியாத விளக்கைப் பார்த்து ஒரு மனுஷி அத்தனை மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

அம்மா அப்போதும் பிடி கொடுக்கவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒரு புதன்கிழமை மத்தியானம், தங்கை பால்கனியில் துணி பிழிந்துகொண்டிருந்தபோது, தொட்டிலில் குழந்தை முனக ஆரம்பித்தது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டார். குழந்தை வாயைக் கோணி வீறிட்டது. அம்மா மனதுக்குள் எண்ணினாராம், பின்னர் எங்களிடம் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு எண்ணுவதற்குள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே மகள் வாசலில் நின்றாள். சும்மா உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புருவத்தை உயர்த்தி, விரல்களால் கேட்டாள்: எத்தனை?

அந்த ஒரு கேள்வியை மொழிபெயர்க்க யாரும் வேண்டியிருக்கவில்லை. அம்மா ஏழு விரலைக் காட்டினார். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, அவள் ஈரக்கைகளைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

அன்று மாலை அக்கா வேலை முடிந்து அங்கே போனபோது அம்மாவின் பை கட்டி வாசலில் இருந்தது. ஊருக்குக் கிளம்பிவிட்டார், குழந்தையைக் கேட்காமல். போகும்போது அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏன்டி, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடேன்."

"உனக்கு எதுக்கும்மா? உன் வீட்ல எந்தக் குழந்தை அழுவுது?"

"போன் அடிச்சா எனக்குச் சரியா கேக்கிறதில்ல" என்றார் அம்மா, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு. "ரெண்டு வருஷமாவே. இவகிட்ட சொல்லாதே. நக்கல் அடிச்சே கொன்னுடுவா."

அக்கா சத்தியம் செய்தாள். மறுநாள் தங்கையிடம் சொல்லிவிட்டாள்.

அதன்பின் விஷயம் மெல்லப் பரவியது. தங்கையின் பள்ளித் தோழிகள் வந்து பார்த்தார்கள். இரட்டைக் குழந்தை பெற்ற ஒருத்திக்கு இரண்டு மைக் வைத்து, எந்தக் குழந்தை அழுகிறது என்று தெரிய ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை விளக்கு. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே எரிகின்றன என்று கேள்வி. இந்த மூன்று வருடத்தில் பதினான்கு வீடுகளில் அக்காவின் விளக்கு எரிகிறது. பெட்டி எல்லாம் தச்சருடையது, அவர் இப்போது மூடியில் சின்னதாக ஓர் இலை செதுக்குகிறார். உதிரிப்பாகக் கடைக்காரர் அக்காவைக் கண்டதும் எழுந்து நிற்கிறார். டைமர் ஐசி இழுப்பறையை அவளே திறந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது கடையில் வேறு யாருக்கும் இல்லாத சலுகை.

தங்கை மகள் நன்றாக வளர்ந்தாள். பத்து மாதத்தில் கையால் "பால்" என்று கேட்டாள், பதினொன்றில் வாயாலும் கேட்டாள். நடக்கத் தொடங்கியதும் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. அழ வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தீப்பெட்டி அளவுப் பெட்டியின் முன் போய் நின்று "ஆ!" என்றால் போதும், வீடு முழுக்க விளக்கு சிமிட்டும், எங்கிருந்தாலும் அம்மாவும் அப்பாவும் ஓடிவருவார்கள். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை கூப்பிட ஆரம்பித்தாள். வந்தவர்களிடம் அவளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை. வந்தார்களா என்று பார்ப்பாள், இரண்டு கையையும் தட்டிச் சிரிப்பாள், அவ்வளவுதான். தச்சர் ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே ஓடிவந்தார். தங்கை ஒருநாள் தையல் மிஷினை விட்டு ஒன்பதாவது முறையாக எழுந்து வந்தபின், அக்காவை வரவழைத்து, விரல் பறக்கப் பறக்கத் திட்டினாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"நான் புள்ள வளக்கறதுக்கு வழி கேட்டேன், நீ எனக்கு ஒரு முதலாளியைக் குடுத்துட்டேங்கிறா."

அக்கா சிரித்துக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மைக் பெட்டியை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினாள். குழந்தை கீழே நின்று, கழுத்தை அண்ணாந்து அதைப் பார்த்தது. இரண்டே நாளில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறக் கற்றுக்கொண்டது.